குப்பை மிதித்த கால்

எங்களைக் கண்டதும் அக்காவின் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "காலைக் காட்டு" என்பதுதான். சாப்பிட்டாயா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதெல்லாம் அப்புறம். லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கி, அன்றைக்கு வேலை செய்யப் போகும் வீட்டு வளவின் கேட்டுக்கு வந்ததும் நாங்கள் வரிசையாக நிற்க வேண்டும். அவள் குனிந்து ஒவ்வொருத்தியின் பாதத்தையும் பார்ப்பாள். செருப்பு வார் இற்றுப் போயிருந்தால் திட்டு விழும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அன்றைக்கு அந்தப் பெண் தண்ணீர் தேங்கிய வடிகால் கான் பக்கமே போகக் கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டுக் காய்ச்சல் வந்தால் ஆளையே கொண்டு போய்விடும் என்பாள்.

தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்கூட எங்களை இப்படி யாரும் நிற்க வைத்ததில்லை. "கங்காணிக்கே நீதான் கங்காணி அக்கா" என்று நான் ஒருநாள் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"வாய்க்குச் செருப்பு போட முடியாதே புள்ள. அதுனாலதான் காலை மட்டும் பாக்குறேன்" என்றாள்.

தோட்டத்தில் வேலை நாள் குறைந்து, தேயிலை மலை பாதி காடாகிப் போன பிறகு, நாங்கள் நாலைந்து பெண்கள் டவுனுக்கு வந்து பிடித்த வேலை இது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டு வளவுகள், உத்தியோகத்தர்களின் குவாட்டர்ஸ், வெளிநாட்டுக்காரருக்கு அறை விடுவதற்காகத் திருத்துகிற பழைய பங்களாக்கள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். காடு வெட்டி, கொப்பு தறித்து, குப்பையை அள்ளி லொறியில் ஏற்றி அனுப்புவது வரை எங்கள் பொறுப்பு. வேலையைப் பிடித்தவளும் அவள்தான், எங்களை நடத்தியவளும் அவள்தான். வயதில் மூத்தவள் என்பதால் எங்கள் எல்லாருக்கும் அக்கா. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. இனி நான் ஒருத்தி புதிதாக ஆரம்பிப்பானேன்.

அவளுடைய சட்டங்கள் கறாரானவை. புதர்ப் பற்றைக்குள் கத்தி போவதற்கு முன் கம்பு போக வேண்டும். முதலில் மரத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துக் குளவிக்கூடு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, நீட்டுக் கம்பால் பற்றையைத் தட்டித் தட்டி, உள்ளே இருக்கிற பாம்போடு மரியாதையாகப் பேசுவாள். "ஐயா, எந்திரிச்சுப் போங்க. நாங்க வேலைக்குத்தான் வந்திருக்கோம், சண்டைக்கு வரல." சொல்லிவிட்டு எங்களை உட்காரச் சொல்வாள். பாம்புக்கும் மூட்டை முடிச்சு கட்ட நேரம் கொடுக்க வேண்டுமாம். குப்பைக் குவியலுக்குள் யாரும் வெறுங்கை விடக் கூடாது. மானாப் புல் கையைக் கிழிக்கும் என்பதால் பழைய காலுறைகளைக் கொண்டு வந்து எங்கள் கைகளில் மாட்டி விடுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறைகளை மாட்டிக்கொண்டு கவ்வாத்துக் கத்தி பிடித்த எங்களைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

இவ்வளவு பார்க்கிறவள் தன் காலை மட்டும் பார்க்கவே மாட்டாள். நாங்களும் பார்க்கவில்லை.

வெட்டிய கொப்பும் கொடியும் லொறியில் ஏறியதும் மலைபோல் பொங்கி நிற்கும். பார்க்கத்தான் அத்தனை பெரிது, உள்ளே எல்லாம் காற்று. அதை யாராவது மேலே ஏறி மிதித்து அமுக்கினால்தான் மிச்சக் குப்பையும் அதே லொறியில் போகும். இல்லையென்றால் இன்னொரு நடை வர வேண்டும். போகன்வில்லா முள், ரோசாத் தண்டு, தகரத் துண்டு, உடைந்த போத்தல் எல்லாம் கலந்து கிடக்கும் அந்தக் குவியலில் ஏறி மிதிக்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவாள்.

ஏறி நின்றால் அது ஒரு காட்சி. ஒரு கையால் லொறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை மிதிப்பாள். கீழே குப்பை நெரிபடுகிற சத்தம் கேட்கும். எங்களுக்குக் கீழே நின்றே கால் கூசும். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. "அக்கா ஏறினா ரெண்டு நடை ஒரு நடையாயிடும்" என்று லொறிக்கார அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தான். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு நிறைய வேலை வந்தது. நாங்களும் கைதட்டுவோம். "அக்காவுக்கு இருக்குறது காலே இல்ல, ரெண்டு மண்வெட்டி" என்று சொன்னது நான்தான். அவளுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப் போனது. புது இடத்துக்குப் போனால், "என் கால் மண்வெட்டிங்க" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

செருப்போடு மிதித்தால் என்ன என்று கேட்டால், "செருப்பு போட்டா கால் எங்க நிக்குதுன்னு வெளங்காது. விழுந்துருவேன்" என்பாள். நாங்களும் நம்பினோம்.

தெமோதரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் குப்பையை அங்கேயே எரிக்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் தீ அடங்கி, மேலே சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் கிடந்த குப்பை வாரியை எடுக்க அக்கா சாம்பலைக் குறுக்கே கடந்து போய்த் திரும்பி வந்தாள். வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"கருகல் வாடை அடிக்குது. யாருடி செருப்பை நெருப்புல வச்சது?"

நாங்கள் ஒருத்தி காலை ஒருத்தி பார்த்தோம். உருகியிருந்தது அவளுடைய செருப்பு. அடிப்பாதத்தில் தோல் கொப்பளித்துக் கிடந்தது. கஞ்சி ஆறட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி அவள் பாட்டுக்கு நின்றாள். நாங்கள் பதறிப் போய்த் தண்ணீர் ஊற்றினோம், அவள் சிரித்தாள். அன்றைக்குத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் திரும்பி இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை. எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். யாரும் பயப்படவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயிலில் சிலுவைப் பாதை மலை மேலே ஏறும். புதுச் சரளைக் கல் கொட்டிய பாதை. நாங்களெல்லாம் நேர்ச்சைக்கு வெறுங்காலோடு புறப்பட்டு, பதினாலு நிலைகளில் மூன்றாவது வருவதற்குள் நொண்ட ஆரம்பித்து, ஓரத்துப் புல்லைத் தேடுவோம். அக்கா நடுப்பாதையில் நேராக நடப்பாள். சிலுவையைத் தூக்கிக்கொண்டும் அப்படித்தான் நடந்தாள். "அந்த மனுசிக்கு இருக்குற விசுவாசம் யாருக்கு வரும்" என்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே போனாள். அடக்கம் என்று நான் நினைத்தேன்.

வேலைக்கு நடுவில் தேநீர் வரும்போது அவள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பாள். சீனி தீர்ந்தால் எங்கள் பங்கையும் கேட்பாள். அடிக்கடி தாகம் என்பாள், அடிக்கடி மறைவுக்கு ஒதுங்குவாள். இதிலெல்லாம் எங்களுக்கு என்ன தெரிந்தது, வெயிலுக்கு அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

விஷயம் வெளியே வந்தது மிஸ்ஸின் வீட்டில். மிஸ் யாழ்ப்பாணத்து மனுஷி. பதுளையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். மழைக்காலம் முடிந்தால் அவருடைய பின் வளவைத் துப்புரவாக்க எங்களைத்தான் கூப்பிடுவார். அன்றைக்கும் அக்கா லொறியில் ஏறி மிதித்து முடித்து இறங்கினாள். தேநீர்க் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க விறாந்தையில் ஏறினாள். வெள்ளை டைல்ஸ் போட்ட விறாந்தை. அவள் நடந்த வழியெல்லாம் ஒற்றைப் பாதம் சிவப்பாகப் பதிந்துகொண்டே போனது.

கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பியவள் தரையைப் பார்த்தாள்.

"ஐயோ, யாருக்குடி அடிபட்டுச்சு?" என்று எங்கள் கால்களைப் பார்த்தாள். "காலைக் காட்டுங்கடி எல்லாரும்."

நாங்கள் அவள் காலைப் பார்த்தோம். மிஸ்தான் வந்து அவள் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். போத்தல் துண்டு ஒன்று விரலடியில் ஏறி நின்றது. அதை எடுத்துக் கழுவிக் கட்டிவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தார்.

"கண்ணை மூடுங்கோ. நான் காலில தொடேக்க தொடேக்க சொல்லுங்கோ."

அக்கா கண்ணை மூடினாள். மிஸ் ஈர்க்கால் பெருவிரலில் தொட்டார், குதிகாலில் தொட்டார், கொஞ்சம் அழுத்தியும் குத்தினார். அக்கா பேசாமல் இருந்தாள். பிறகு மிஸ் ஈர்க்கை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"இப்ப" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "ம், இப்ப" என்றாள். "இந்தா, இப்பவும்."

எங்களில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அக்கா ஊகித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பரீட்சையில் தேறிவிட வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்த அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"உங்களுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கனகாலமா இருக்குது போல" என்றார் மிஸ். "காலில உணர்ச்சி போயிட்டுது. இனி வெறுங்காலோட ஓரடி வைக்கப்படாது. கவனிக்காமல் விட்டால் இந்தக் காலை எடுக்க வேண்டி வரும். விளங்குதோ?"

"சரிங்க மிஸ்" என்றாள் அக்கா.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பசறை தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது செத்துப் போயி ரொம்ப நாளாச்சு புள்ள. நடந்தா பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"தெரிஞ்சிக்கிட்டேவா ஏறி மிதிச்சே? ஏன் சொல்லல?"

"சொன்னா லொறில ஏத்துவீங்களா?" காலில் சுற்றிய கட்டைத் தடவினாள். "சிலுவைப் பாதையில எல்லாரும் என்னையப் பாத்து அழுதாங்க. எனக்குத் தலையைத் தூக்க முடியல. வலிக்காம நடந்தா அது என்ன ஒறுத்தல், என்ன தவம்?"

நீளமான வாய் என்று பெயர் எடுத்தவள், அக்காவின் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மிஸ் சொன்னபடி நடந்துகொள்ள அவள் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கிளினிக்குக்குப் போனாள். மாத்திரை எடுத்தாள். சீனியை விட்டாள், தேநீரைக் கஷாயம் குடிக்கிற மாதிரி குடித்தாள். மிஸ் பஜாரில் போய் முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் சப்பாத்து வாங்கி வந்து கொடுத்தார். போடுவதற்கு முன்னால் கவிழ்த்துத் தட்ட வேண்டும், ராத்திரியில் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அக்கா அதையும் சட்டமாக்கினாள். தினமும் காலையில் தன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, எங்கள் செருப்பையும் தட்டச் சொல்வாள்.

ஆனால் லொறியில் ஏறுகிற வேலையை மட்டும் விடவில்லை. ரப்பர் சப்பாத்து ஈரக் கொப்பில் வழுக்கும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவாள். காலில் இரண்டு சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள், அதுதான் எங்களுக்குச் சொல்லும் சமாதானம். "நான் ஏறுறேன் அக்கா, நீ கீழ நில்லு" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "உன் கால் மண்வெட்டியா?" என்று என்னுடைய பேச்சையே எனக்குத் திருப்பித் தந்தாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, புருஷன் எப்போதோ போய்விட்டான். ஊரில் நாலு பேர் அவளைப் புகழ்ந்தார்கள் என்றால் அது அந்தக் காலைத்தான். அவளிடம் புகழ வேறு எத்தனையோ இருந்தது. எங்களைப் பாம்பு தீண்டாமல், குளவி கொட்டாமல், காய்ச்சலில் விழாமல் அத்தனை காலம் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தாளே, அதற்கு நாங்கள் ஒருநாளாவது கைதட்டியதுண்டா?

லொறியில் ஏறும்போது கழுத்துச் சங்கிலியில் இருக்கும் மாதா சுரூபப் பதக்கத்தையும் முந்தானையில் முடிந்திருக்கும் வீட்டுச் சாவியையும் கழற்றிக் குப்பைக்குள் விழாமல் சப்பாத்துக்குள் போட்டு வைப்பது அவள் பழக்கம். அதற்குள் யாரும் கை விட மாட்டார்கள் என்பாள். இறங்கியதும் இரண்டையும் எடுத்துக்கொண்டு சப்பாத்தைப் போடுவாள்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. லொறிக்கார அண்ணன் அவசரப்படுத்தினான், எங்களுக்கும் பஸ் தவறிவிடும் போலிருந்தது. அக்கா இறங்கி, சாக்கை உருவி எறிந்துவிட்டு, சப்பாத்துக்குள் கைவிட்டு மாதா சுரூபத்தை எடுத்து உதட்டில் வைத்து முத்தி செய்து மாட்டிக்கொண்டாள். நாங்கள் ரோட்டிலிருந்து கூப்பிட்டோம். அவள் காலை விட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

பஸ்ஸில் இடம் இல்லை. லுணுகலை வரை நின்றுகொண்டே வந்தாள். இறங்கித் தோட்டத்து ஏற்றத்தில் நடந்து லயத்துக்கு வந்து, வாசலில் நின்று முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"சாவியைக் காணோம் புள்ள."

பையைக் கொட்டினோம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் விழுந்திருக்கும் என்று அவள் மறுபடி ரோட்டுக்கு இறங்கினாள். நானும் கூடவே போனேன். மழையில் குனிந்து குனிந்து, படி படியாகப் பார்த்துக்கொண்டு இறங்கினோம், பார்த்துக்கொண்டு ஏறினோம். "அந்தோனியாரே, கண்ணுல காட்டும்" என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். கிடைக்கவில்லை. பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர் வந்து கல்லால் பூட்டை உடைத்தார். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். சிவந்த தண்ணீர் கொட்டியது. சாவி விழவில்லை. பெருவிரலுக்குக் கீழே, சதைக்குள் பதிந்து அங்கேயே இருந்தது.

அவள் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "காலுக்குள்ளயே வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன் பாரு." லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரித்தால் கூடச் சிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போ அக்கா" என்றதற்கு, "வலிக்கவே இல்ல, அதுக்குப் போயி என்ன சொல்றது?" என்றாள். ஈரச் சப்பாத்துக்குள் அந்தப் புண் என்ன பாடுபட்டதோ. பஸ்ஸில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. ரப்பர் வாடை என்று நினைத்தோம். ஒருநாள் காலையில் அவள் எங்கள் காலைப் பார்க்கக் குனிந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள், உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மிஸ்ஸுக்கு போன் பண்ணினேன். ஆட்டோவில் வந்து, சப்பாத்தைக் கழற்றிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டொக்டர்மார் தங்களால் ஆனதைப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. இப்போது அந்தக் கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். மிதிப்பதற்கு யாரையும் ஏற்றுவதில்லை, லொறி இரண்டு நடை போகிறது. லொறிக்கார அண்ணன் முணுமுணுத்தான், பிறகு விட்டுவிட்டான். இவ்வளவு எளிதாக முடிகிற காரியம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக நான் அவளைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். உள்ளே நுழைந்ததும், "காலைக் காட்டு" என்றாள். காட்டினேன். செருப்பு புதுசு என்று கண்டு தலையை ஆட்டினாள். தோட்டத்துக் கதையெல்லாம் கேட்டாள். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தாள். அவள் முகம் சுளித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா?"

"வலிக்குது புள்ள."

"எங்க? கட்டுப் போட்ட இடமா?"

"இல்ல. அந்தக் காலு." போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினாள். "பெருவிரலுக்குக் கீழ. சாவி குத்துது. டொக்டர்கிட்டச் சொன்னேன், சில பேருக்கு அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அன்னிக்கு இதுல கொஞ்சம் வலிச்சிருந்தா வாசல்லயே கழட்டிப் பாத்திருப்பேன்ல?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்சம் அமுக்கி விடு புள்ள."

நான் எழுந்து போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெறும் போர்வையின் மேல் கை வைத்து அமுக்கினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள்.